போர்க்காலப் பிரதமர் தாஜுதீன் அகமது

சமாதான காலத்தில் அரசாங்கத்தின் அதிகாரம் உறையிலிட்ட வாள் போன்றது. சட்டசபையும் நீதிமன்றமும் பத்திரிகைகளும் அந்த உறையைக் காத்து நிற்கின்றன. யுத்தம் மூண்டதும் வாள் வெளியே வந்துவிடுகிறது. அப்பொழுது அதை ஏந்தியவன் எத்தகையவன் என்பதைப் பொறுத்தே குடிமக்களின் உயிரும் மானமும் நிலைபெறுகின்றன.

உலக சரித்திரத்தில் இதற்குச் சான்றுகள் பல. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1861 இல் ஆபிரகாம் லிங்கன் காவலில் வைக்கப்பட்டோர் நீதிமன்றத்தை நாடும் உரிமையைத் தம் ஆணையாலேயே நிறுத்தி வைத்தார். 1942 இல் ரூஸ்வெல்ட் இட்ட ஓர் ஆணையின் பேரில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வமிசத்தார் குடும்பங் குடும்பமாக முகாம்களில் அடைக்கப்பட்டனர். அதே ஆண்டில் நம் நாட்டின் வங்காளத்தில், ஜப்பானியப் படை வந்தால் அதற்கு எதுவும் கிட்டலாகாது என்று சொல்லி, ஆற்றோர மக்களின் படகுகளை ஆங்கில ஆட்சியினர் பறித்தனர். கடலோர மாவட்டங்களின் நெல்லையும் அப்புறப்படுத்தினர். மறு ஆண்டு பஞ்சம் வந்தது. சுமார் 30 லட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்தனர் என்பர் ஆராய்ச்சியாளர். யுத்தத்தின் பேரால் இடப்படும் ஆணை பகைவனைத் தொடுமுன்னே ஏழையின் அடுப்பைத் தொட்டுவிடும் என்பதற்கு வங்கத்தைக் காட்டிலும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

அந்த வங்கத்திலேயே பிறந்து, அந்தப் பஞ்சத்தைக் கண்ணாரக் கண்டு, பின்னொரு காலத்தில் யுத்தகால அதிகாரம் முழுவதும் தம் கையில் வந்து சேர்ந்தபோதும் அதற்கு அடிமையாகாத ஒரு மனிதரின் வரலாற்றை இங்கே சொல்லப் புகுகின்றோம். அவர்தாம் வங்கதேசத்தின் முதற் பிரதம மந்திரியான தாஜுதீன் அகமது. அவர் மாண்டு அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. தமிழ் நாட்டில் அவர் பெயரை அறிந்தவர் சிலரே. ஆயினும் அவருடைய ஒன்பது மாத ஆட்சி அறநெறியில் நாட்டமுள்ளோர் அனைவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

பிறப்பும் வளர்ப்பும்

தாஜுதீன் அகமது 1925 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23 ஆம் நாள் டாக்கா மாவட்டம் காப்பாசியா வட்டாரத்திலுள்ள தர்தரியா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் முகம்மது யாசின் கான்; தாயார் மெஹருன்னிசா. இளமையிலேயே திருக்குர் ஆனை முழுவதும் மனனம் செய்தவர். பின்னர் டாக்காவில் கிறிஸ்தவப் பாதிரிமார் நடத்திய செயின்ட் கிரிகரி பள்ளியில் பயின்று 1944 இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். டாக்கா சர்வகலாசாலையில் பொருளாதாரம் கற்றார். வழக்கறிஞர் பட்டத்திற்குரிய தேர்வைச் சிறைக் கைதியாக இருந்துகொண்டே எழுதித் தேறியவர் என்பது அவருடைய உறுதிக்கு ஓர் எடுத்துக்காட்டு.

பஞ்சம் வந்த 1943 இல் அவருக்கு வயது பதினெட்டு. அறுவடைக் காலத்தில் வசதியுள்ளோரிடம் தானியம் திரட்டிச் சேர்த்து வைத்து, பஞ்ச காலத்தில் இல்லாதவர்க்கு அளிக்கும் தருமக் களஞ்சியம் ஒன்றைத் தம் ஊரில் அமைப்பதில் அவர் முன்னின்றார். நாள்தோறும் தாம் கண்டதையும் செய்ததையும் நாட்குறிப்பில் எழுதி வைக்கும் வழக்கமும் அவருக்கு இளமையிலேயே உண்டாயிற்று. மழை பெய்ததா, யார் யாரைச் சந்தித்தோம், எந்தக் கூட்டத்திற்குச் சென்றோம் என்று அலங்காரமில்லாமல் எழுதிய குறிப்புகள் அவை. தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளும் ஆசை அவரிடம் இல்லை என்பதற்கு அந்த ஏடுகளே சாட்சி.

தொடக்கத்தில் முஸ்லிம் லீகில் ஊழியம் செய்த தாஜுதீன், பாகிஸ்தான் அமைந்த பிறகு அந்நாட்டு ஆட்சியாளரின் போக்கைக் கண்டு மனம் மாறினார். வங்காளிகளின் மொழிக்கு இடமில்லை என்றும், வங்காளிகளின் சணலில் வரும் வருமானம் மேற்குப் பகுதிக்கே என்றும் ஆனபோது, 1952 இன் மொழிப் போராட்டத்தில் அவரும் பங்கு கொண்டார். 1954 தேர்தலில் முஸ்லிம் லீகின் மாகாணப் பொதுச் செயலாளரையே தோற்கடித்துச் சட்டசபை உறுப்பினரானார். 1966 இல் ஷேக் முஜிபுர் ரகுமான் ஆறு அம்சத் திட்டத்தை வெளியிட்டபோது அவாமி லீகின் பொதுச் செயலாளர் பொறுப்பு தாஜுதீனிடம் வந்தது. அதே ஆண்டு மே மாதம் சிறை புகுந்தவர் 1969 பிப்ரவரியில்தான் வெளிவந்தார். மேடையில் முழங்குபவர் முஜிப். அலுவலகத்தில் அமர்ந்து இரவெல்லாம் எழுதுபவர் தாஜுதீன். ஒருவருக்கு நாவன்மை, மற்றவருக்குக் காரிய வன்மை.

முப்பத்தைந்து கட்டளைகள்

1970 டிசம்பரில் பாகிஸ்தானில் பொதுத் தேர்தல் நடந்தது. தேசிய சபையின் 313 இடங்களில் 167 அவாமி லீகுக்குக் கிடைத்தன. நாட்டை ஆளும் உரிமை வங்காளிகளின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அப்போது அந்நாட்டின் ஜனாதிபதியாகவும், இராணுவச் சட்ட நிர்வாகத் தலைவராகவும், படைத் தலைவராகவும் இருந்தவர் யாகியா கான் ஒருவரே. மூன்று பதவிகளும் ஒரே கையில் இருந்தபடியால் அவரைத் தடுக்க ஒருவருமில்லை. மார்ச் 3 ஆம் நாள் கூட வேண்டிய சபையை மார்ச் 1 ஆம் நாள் ஒத்தி வைத்தார்.

கிழக்கு வங்கம் கொதித்தெழுந்தது. ஒத்துழையாமை தொடங்கியது. வங்கிகள் எத்தனை மணி நேரம் திறக்கலாம், துறைமுகத்தில் எந்தக் கப்பலை இறக்கலாம், எந்த வரியைக் கட்டலாம், எதைக் கட்டலாகாது, தபாலும் தண்ணீரும் மின்சாரமும் எவ்வாறு நடக்கவேண்டும் என்றெல்லாம் முப்பத்தைந்து கட்டளைகள் மார்ச் நடுவில் வெளிவந்தன. அவற்றை வெளியிட்டவர் தாஜுதீன். படையில்லை, போலீஸ் அதிகாரமில்லை, அரசாங்க முத்திரை இல்லை. மக்களோ அவற்றையே சட்டமாகக் கொண்டனர். நீதிபதிகளும் குமாஸ்தாக்களும் வங்கிக்காரர்களும் கீழ்ப்படிந்தனர். ஆட்சி என்பது ஆளப்படுவோரின் இசைவிலிருந்து பிறக்கிறது என்னும் உண்மை அந்நாட்களில் டாக்காவில் யாவர்க்கும் விளங்கிற்று.

மார்ச் 25 ஆம் நாள் நள்ளிரவில் பாகிஸ்தான் இராணுவம் டாக்கா நகர்மீது பாய்ந்தது. மாணவர் விடுதிகளிலும், போலீஸ் குடியிருப்பிலும், ஏழைகளின் குடிசைகளிலும் பிணங்கள் குவிந்தன. முஜிபுர் ரகுமான் கைதாகி மேற்குப் பாகிஸ்தானுக்குக் கொண்டு செல்லப்பட்டார். தாஜுதீன் வீட்டை விட்டு வெளியேறினார். மனைவி ஜொஹரா அம்மையாரிடம் விடைபெறவும் நேரமில்லை. ஏழரைக் கோடி மக்களோடு நீயும் பிள்ளைகளும் கலந்துவிடுங்கள் என்னும் கருத்துப்பட ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியனுப்பினார்.

எல்லையில் எழுந்த வினா

இளம் வழக்கறிஞர் அமீருல் இஸ்லாம் ஒருவரே துணையாக, கிராமம் கிராமமாக நடந்தும் கிடைத்த வாகனங்களில் ஏறியும் மார்ச் 30 ஆம் நாள் இந்திய எல்லையை வந்தடைந்தார் தாஜுதீன். அகதிகளாக உள்ளே நுழைவது எளிது. ஆனால் அவர் அவ்வாறு நுழைய விரும்பவில்லை. சுதந்தர நாட்டின் பிரதிநிதிகளாக மதித்து வரவேற்றாலன்றி எல்லை கடப்பதில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு ஒரு வாய்க்கால் பாலத்தின் அருகே காத்திருந்தார். எல்லைக் காவற்படையின் அதிகாரிகள் வந்து மரியாதையுடன் அழைத்துச் சென்றனர். புழுதி படிந்த உடை, பல நாள் தூங்காத கண்கள். அந்நிலையிலும் தாம் ஒரு மக்களினத்தின் மானத்தைச் சுமந்து நிற்பதை அவர் மறக்கவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் தில்லியில் பிரதமர் இந்திரா காந்தியைச் சந்திக்க ஏற்பாடாயிற்று. அப்போது பெரியதொரு வினா எழுந்தது. எந்த நிலையில் நின்று பேசுவது? கட்சிச் செயலாளராகவா, ஓர் அரசாங்கத்தின் தலைவராகவா? முஜிப் சிறையில், மற்றத் தலைவர்கள் உயிருடன் இருக்கிறார்களா என்பதே தெரியாது. கட்சியைக் கலந்து முடிவு செய்ய வழியில்லை. அரசாங்கம் என்று ஒன்று இல்லையேல் எந்த நாடும் உதவ முன்வராது. காலந் தாழ்த்தினால் மக்கள் மடிவர். முஜிபை ஜனாதிபதியாகவும் தம்மைப் பிரதம மந்திரியாகவும் கொண்டு ஓர் அரசாங்கம் அமைவதாக அவர் முடிவு செய்தார்.

இதனைப் பதவியாசை என்று அவருடைய கட்சியிலேயே சிலர் தூற்றினர். பின்னர் கல்கத்தாவில் தலைவர்கள் ஒன்று கூடியபோது, இளைஞர் தலைவர் ஷேக் பஸ்லுல் ஹக் மணி முதலானோர் அரசாங்கமே வேண்டா, புரட்சிக் குழு ஒன்று போதும் என்று வாதாடினர். தாஜுதீன் அதற்கு இசையவில்லை. துப்பாக்கி ஏந்திய குழு யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டதன்று; தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் பேரால் அமையும் அரசாங்கமே சட்டத்திற்குக் கட்டுப்பட்டது என்பது அவருடைய துணிபு. ஆபத்துக் காலத்திலும் அதிகாரத்திற்கு ஒரு மூலம் இருக்க வேண்டும், அந்த மூலம் மக்களின் வாக்காக இருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்திய இடம் இதுவே.

மாந்தோப்பில் ஓர் அரசு

ஏப்ரல் 10 ஆம் நாள் சுதந்தரப் பிரகடனம் வெளியாயிற்று. அதன் வாசகம் கருத்தூன்றிப் பார்க்கத் தக்கது. அரசியல் சட்டம் இயற்றப்படும் வரையில் முஜிபுர் ரகுமானே ஜனாதிபதி. அவர் இல்லாதபோது துணை ஜனாதிபதி சையத் நஸ்ருல் இஸ்லாம் அவருடைய அதிகாரங்களைச் செலுத்துவார். ஜனாதிபதியே எல்லாப் படைகளுக்கும் தலைவர். சட்டம் செய்தல், நிர்வாகம் நடத்தல், மன்னிப்பு அளித்தல், மந்திரிகளை நியமித்தல், வரி விதித்தல், செலவிடல், சபையைக் கூட்டுதல், ஒத்தி வைத்தல் ஆகிய அனைத்தும் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டன. வேறு சொற்களிற் கூறின், வரம்பற்ற அதிகாரம்.

ஆயின் அந்தப் பிரகடனத்திலேயே அதற்கோர் அணையும் கட்டப்பட்டிருந்தது. சமத்துவம், மனித மாண்பு, சமூக நீதி ஆகிய மூன்றையும் நிலைநாட்டுவதற்காகவே இவ்வரசு என்று அதில் எழுதப்பட்டது. இம்மூன்று சொற்களும் நம் அன்பர்களுக்குப் புதியன அல்ல. இந்திய அரசியல் நிர்ணய சபைக்கு 1946 இல் பாபாசாகேப் அம்பேத்கரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியதும் இந்த வங்க மண்ணே என்பதை இவ்விடத்தில் நினைவூட்டிக் கொள்கின்றோம். அன்றே வெளியான மற்றோர் ஆணை, மார்ச் 25 வரையில் நடைமுறையில் இருந்த சட்டங்கள் தொடர்ந்து செல்லும் என்று அறிவித்தது. புதிய அரசு தோன்றிய முதல் நாளே சட்டத்தின் தொடர்ச்சியைக் காத்துக்கொண்டது.

ஏப்ரல் 17 ஆம் நாள் மெஹர்பூர் வட்டாரத்தில் வைத்தியநாத தலை என்னும் ஊரின் மாந்தோப்பில் மந்திரிசபை உலகப் பத்திரிகையாளர் முன்னிலையில் பதவி ஏற்றது. 1757 இல் வங்கத்தின் சுதந்தரம் பறிபோனதும் பிளாசியின் மாந்தோப்பருகேதான். அந்த ஊருக்கு முஜிப் நகர் என்று தாஜுதீன் பெயரிட்டார். தாம் நடத்தும் அரசாங்கத்திற்குச் சிறையிலிருக்கும் தலைவரின் பெயரைச் சூட்டினாரேயன்றித் தம் பெயரை எங்கும் முன்னே நிறுத்தவில்லை. மறுநாள் கல்கத்தாவில் சர்க்கஸ் அவென்யூவிலிருந்த பாகிஸ்தான் துணைத் தூதரகமே, அதன் தலைவர் உசேன் அலி முதலான வங்காளி ஊழியர்களோடு புதிய அரசாங்கத்தின் பக்கம் சேர்ந்தது.

பாலிகஞ்சும் தியேட்டர் ரோடும்

இனி இந்த அரசு நடந்த இடத்தைக் காண்போம். கல்கத்தாவின் தென்பகுதியில் பாலிகஞ்ச் என்பது மரங்கள் அடர்ந்த வீதிகளும் பெரிய மாளிகைகளும் நிறைந்த பகுதி. அங்கே பாலிகஞ்ச் சர்க்குலர் ரோடில் 57/8 என்னும் இலக்கமுள்ள மாடி வீட்டில் மந்திரிமார் முதலில் தங்கினர். அவ்வீதி பின்னர்ப் பிரமதேஷ் பருவா சரணி என்று பெயர் மாறிற்று. மந்திரிமார் வேறிடம் பெயர்ந்ததும் அவ்வீடு வானொலி நிலையமாயிற்று. சுவாதீன பங்களா பேதார் கேந்திரம் என்னும் சுதந்தர வங்க வானொலி, மார்ச் மாதம் சிட்டகாங்கில் தோன்றி, குண்டு வீச்சுக்கு இலக்காகி, திரிபுரா எல்லையில் சிறிது காலம் உயிர் தாங்கி, 1971 மே 25 ஆம் நாள் பாலிகஞ்சில் மறுபிறவி எடுத்தது. கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் பிறந்த நாளை அதற்கெனத் தேர்ந்தனர்.

அந்த வீட்டின் சிறு அறையொன்றில் துணிகளைத் தொங்கவிட்டு வெளியோசையை அடக்கிப் பதிவு செய்தனர். பாடகர்களும் எழுத்தாளர்களும் அங்கேயே தரையிற் படுத்து உறங்கினர். எம். ஆர். அக்தர் முகுல் டாக்காவின் தெருப் பேச்சில் எழுதி வாசித்த நையாண்டிக்காகச் சதுப்பு நிலங்களில் மறைந்திருந்த வீரரும், கதவடைத்த வீடுகளில் மூச்சடக்கி இருந்த குடும்பங்களும் இரவுதோறும் காத்திருந்தனர். தாஜுதீனின் உரைகளும் அவ்வானொலி வழியே மக்களைச் சென்றடைந்தன. கோட்டையும் கொத்தளமும் இல்லாத அரசாங்கத்திற்குப் பாலிகஞ்சிலிருந்து எழுந்த குரலே கோட்டையாக நின்றது.

தலைமை அலுவலகம் தியேட்டர் ரோடு எட்டாம் இலக்க வீட்டில் அமைந்தது. ஸ்ரீ அரவிந்தர் பிறந்த இல்லம் அது. இன்று அரவிந்த பவனமாக விளங்குகிறது. அலுவலக அறையை ஒட்டிய சிறு அறையில் தாஜுதீன் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டார். மனைவியும் நான்கு குழந்தைகளும் பெருந் துன்பங்களைக் கடந்து கல்கத்தா வந்து சேர்ந்தபோதும் அவர் அவர்களோடு வாழச் செல்லவில்லை. களத்தில் நிற்கும் வீரர் மனைவி மக்களைப் பிரிந்திருக்கையில் தாம் மட்டும் இல்லறம் நடத்தலாகாது, நாடு விடுதலை பெறும் வரையில் அலுவலகமே வீடு என்று விரதம் பூண்டார். இரவில் தம் சட்டையைத் தாமே துவைத்து உலர்த்திக் காலையில் அதையே அணிந்தார் என்று உடனிருந்தோர் சொல்வர். யுத்தத்தின் பேரால் பிறரிடம் தியாகம் கேட்கும் தலைவர் பலர். கேட்கும் முன் தாம் செய்து காட்டியவர் இவர்.

அவர் ஆற்றிய பணியோ மலைபோன்றது. ஒரு கோடிப் பேர் வரையில் அகதிகள் இந்தியாவில் குவிந்தனர். கர்னல் உஸ்மானியின் தலைமையில் நாட்டைப் பதினொரு போர்ப் பிரிவுகளாக வகுத்தனர். மண்டல நிர்வாக சபைகள் ஏற்பட்டன. வெற்றிக்குப் பின் நாட்டைச் சீர்திருத்தும் திட்டம் வகுக்கப் பேராசிரியர்களைக் கொண்டு ஒரு குழு அமைந்தது. உலக நாடுகளுக்குத் தூதுவர் சென்றனர். இந்திய வானில் பறக்கத் தடை ஏற்பட்டபின் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பு வழியாகவே டாக்கா சென்றமையால், பௌத்த நாடுகளின் மனத்தை அறிவது இன்றியமையாததாயிற்று. அந்நாடுகளில் வங்க மக்களின் துயரை எடுத்துரைத்தவர்களுள் வங்க நாட்டுப் பிக்குவான ஜோதிபால மகாதேரரும் ஒருவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

உட்பகையும் பொறுமையும்

பகைவனைக் காட்டிலும் உட்பகையே அவரை வருத்திற்று. ஷேக் மணி முதலிய இளைஞர் தலைவர்கள் இந்தியாவில் தனியே பயிற்சி பெற்று முஜிப் படை என ஒன்றை அமைத்தனர். அது தாஜுதீனின் ஆணைக்கோ உஸ்மானியின் ஆணைக்கோ உட்படவில்லை. ஒரே போரில் இரு படைகள். அவற்றுள் ஒன்று தன் சொந்த அரசாங்கத்தையே மதியாதது. ஒரு நாள் ஆயுதமேந்திய இளைஞன் ஒருவன் தாஜுதீனின் அறைக்கு வந்து, அவரைக் கொல்லத் தான் ஏவப்பட்டதை ஒப்புக்கொண்டு ஆயுதத்தை ஒப்படைத்தான். அக்காலத்தில் அவருடன் பணியாற்றிய மொயீதுல் ஹசன் இதனை எழுதி வைத்துள்ளார். தாஜுதீன் அவனைத் தண்டிக்கவில்லை. செய்தியைப் பரப்பவும் இல்லை. செய்தி வெளிப்பட்டால் முகாம்களில் சகோதரச் சண்டை மூளும் என்பதை அவர் அறிவார். தம் உயிருக்கு நேர்ந்த பகையை அரசின் பகையாக்கிப் பழி தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பு கையிலிருந்தும் அதனை அவர் பயன்படுத்தவில்லை. வெகுளியை வெல்வது போர்க்களத்தில் வெல்வதினும் அரிது என்று நாம் கற்றிருக்கின்றோம். அதனை ஓர் ஆட்சியாளரிடம் காண்பது மேலும் அரிது.

அவர் மந்திரிசபையிலேயே அயல்நாட்டுத் துறையை ஏற்றிருந்த கந்தக்கர் முஷ்டாக் அகமதின் வட்டாரத்தினர், கல்கத்தாவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரிகளுடன் இரகசியமாகத் தொடர்பு கொண்டு, சுதந்தரம் இல்லாமலே சமரசம் செய்துகொள்ளும் வழியை நாடினர். இதனை அறிந்த தாஜுதீன், ஐக்கிய நாட்டுச் சபைக்குச் செல்லவிருந்த முஷ்டாக்கை அனுப்பாமல் நிறுத்தினார். சிறையிலிடவில்லை, யுத்தம் முடியும் வரையில் பதவியிலிருந்து விலக்கவும் இல்லை. பிளவை வெளியிற் காட்டலாகாது என்பதே காரணம்.

தம் அதிகாரத்திற்குத் தாமே வரம்பு தேடியதையும் சொல்லவேண்டும். ஜூலை முதல் வாரத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைச் சிலிகுரி அருகே கூட்டி அவர்களுடைய நம்பிக்கையைக் கோரினார். செப்டம்பரில் மௌலானா பாஷானி, மணி சிங், மனோரஞ்சன் தர், முஸபர் அகமது ஆகிய பிற கட்சித் தலைவர்களையும் சேர்த்து ஆலோசனைக் குழு அமைத்தார். வெற்றியின் பெருமை தம் கட்சிக்கே என்று எண்ணியோர் முணுமுணுத்தனர். அவரோ யுத்தம் எல்லோருடையது என்றால் ஆலோசனையும் எல்லோருடையதாக வேண்டும் என்று கருதினார்.

வெற்றியும் விடையும்

டிசம்பர் 3 ஆம் நாள் மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமான தளங்களைத் தாக்கின. அன்று கல்கத்தாவில் இருந்த இந்திரா காந்தி விரைந்து தில்லி திரும்பினார். அவ்விரவே இந்தியாவில் அவசர நிலை பிரகடனமாயிற்று. டிசம்பர் 6 ஆம் நாள் பூட்டானும் இந்தியாவும் வங்கதேசத்தை அங்கீகரித்தன. 16 ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. 22 ஆம் நாள் தாஜுதீனின் மந்திரிசபை டாக்கா சென்று சேர்ந்தது.

வெற்றி வந்த கணத்திலேதான் ஆட்சியாளனின் அடுத்த சோதனை தொடங்குகிறது. எங்கும் ஆயுதங்கள், எங்கும் பழிவாங்கும் வெறி. உருது பேசுவோர் பலர் தாக்கப்பட்டனர். குடிமக்கள் சட்டத்தைத் தம் கையில் எடுக்கலாகாது என்று அரசாங்கம் வேண்டிற்று. போராளிகள் அனைவரையும் ஒரே தேசியக் காவற்படையில் சேர்த்து ஒழுங்குபடுத்தவும் தாஜுதீன் திட்டமிட்டார். அது முற்றும் நிறைவேறவில்லை. சிந்திய குருதி அனைத்தையும் அவரால் தடுக்க முடியவில்லை. இக்குறையை மறைப்பது வரலாறு ஆகாது.

1972 ஜனவரி 10 ஆம் நாள் முஜிபுர் ரகுமான் விடுதலையாகித் தாயகம் வந்தார். 12 ஆம் நாள் பிரதமர் பதவியை அவரிடம் மகிழ்ச்சியோடு ஒப்படைத்துவிட்டுத் தாஜுதீன் நிதி மந்திரியாக ஒதுங்கினார். ஒன்பது மாதம் ஒரு நாட்டை நடத்தியவர், இரண்டு நாளில் அப்பதவியிலிருந்து இறங்கிவிட்டார். இதனை ஏனையோரின் செய்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். யாகியா கான் நாட்டின் பாதியை இழந்த பிறகே பதவி நீங்கினார். அவர் பின் வந்த பூட்டோவும் இராணுவச் சட்ட நிர்வாகியாகவே அரியணை ஏறினார். இந்தியாவில் டிசம்பர் 3 ஆம் நாள் இரவு பிரகடனமான அவசர நிலை பதினான்கு நாளில் போர் முடிந்தும் நீங்கவில்லை. இடையில் 1975 இல் உள்நாட்டு அவசர நிலையும் அதன்மேல் ஏறிக்கொள்ள, 1977 வரையில் நீடித்தது. எடுத்த வாளை உறையில் இடுவது அத்துணை அரிய செயல்!

அந்த ஒன்பது மாதமும் எவ்வாறு நடந்தன என்று முஜிப் தம்மிடம் ஒருநாளும் கேட்கவில்லையே என்னும் வருத்தம் தாஜுதீனுக்கு இருந்ததென அவரைச் சார்ந்தோர் எழுதியுள்ளனர். கோள் சொல்வோர் இருவர்க்கும் இடையில் சுவர் எழுப்பினர். சுதந்தர நாட்டின் முதல் வரவு செலவுத் திட்டத்தை, 786 கோடி டாக்காவுக்கு, 1972 ஜூனில் சமர்ப்பித்தவர் அவரே. 1974 இல் மீண்டும் பஞ்சம் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 26 ஆம் நாள் முஜிபின் விருப்பப்படி இராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு வீடு திரும்பினார். எதிர்க்கட்சி தொடங்கவில்லை, தலைவரைத் தூற்றவுமில்லை. இரண்டு மாதத்தில் வங்கதேசத்தில் அவசர நிலை வந்தது. 1975 ஜனவரியில் ஒரே கட்சி ஆட்சி வந்தது. சட்டசபையைத் தன்னிடமிருந்தே காப்பாற்ற முடியாத ஆட்சிக்கு அரண்மனைச் சதியே எதிர்க்கட்சியாகிவிடும் என்பது விரைவில் தெரிந்தது.

சிறையில் மரணம்

1975 ஆகஸ்டு 15 ஆம் நாள் விடியலில் இராணுவ அதிகாரிகள் சிலர் முஜிபையும் அவர் குடும்பத்தாரையும் கொன்றனர். ஜனாதிபதி ஆசனத்தில் அமர்ந்தவர் கந்தக்கர் முஷ்டாக் அகமது. கல்கத்தாவில் தாஜுதீன் தண்டியாமல் விட்ட அதே மனிதர். கொலையாளிகளை நீதிமன்றத்தில் நிறுத்தவொண்ணாதபடி செப்டம்பர் 26 ஆம் நாள் அவர் ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். அது நீங்க 1996 வரையில் நாடு காத்திருக்க நேர்ந்தது. மன்னிப்பளிக்கும் அதிகாரத்தை ஒருவர் எப்படிப் பயன்படுத்தினார், மற்றவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதை அன்பர்கள் அருகருகே வைத்து நோக்குக.

தாஜுதீன் காவலில் வைக்கப்பட்டார். நவம்பர் 3 ஆம் நாள் விடியுமுன் டாக்கா மத்திய சிறைக்குள் ஆயுதமேந்தியோர் புகுந்தனர். சையத் நஸ்ருல் இஸ்லாம், தாஜுதீன் அகமது, மன்சூர் அலி, கமருஸ்ஸமான் என்னும் நால்வரையும் சுட்டுக் கொன்றனர். 1971 இல் மாந்தோப்பில் உறுதிமொழி எடுத்த மந்திரிசபையில் முஷ்டாக் ஒருவர் நீங்கலாக அனைவரும் அவ்விடியலில் மாண்டனர். தாஜுதீனுக்கு அப்போது வயது ஐம்பது.

முஷ்டாக்கைக் கல்கத்தாவிலேயே ஒடுக்கியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராதே, தாஜுதீனின் பொறுமை பேதைமை அன்றோ என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் ஐயத்தின் பேரில் சகாக்களைச் சிறையிலடைக்கும் வழக்கத்தை ஒரு நாடு தன் பிறப்பிலேயே கற்றுக்கொண்டால், பின்வரும் ஒவ்வோர் ஆட்சியாளனும் அதனை முன்மாதிரியாகக் கொள்வான். தாஜுதீன் முஷ்டாக்கின் கையிலிருந்து தீங்கு செய்யும் வாய்ப்பை எடுத்தார். அவருடைய உரிமையை எடுக்கவில்லை. தேவைக்கு மேல் ஓர் அணுவும் தண்டியாமை என்பது அவருடைய அளவுகோல். அதற்காக அவர் கொடுத்த விலை பெரிது என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த அளவுகோல் தவறென்றும் கூறமாட்டோம். போர் வெற்றியோடு அந்த அளவுகோலையும் நாடு கைவிட்டதே தவறு.

அன்பர்களே! நம்மில் பலருக்கு நாடாளும் பொறுப்பு வருவதில்லை. ஆனால் சங்கத்திலோ, பள்ளியிலோ, தொழிற்கூடத்திலோ, வீட்டிலோ சிறிதளவு அதிகாரம் எல்லோர் கையிலும் வந்து சேர்கிறது. நெருக்கடி என்று சொல்லி அதனைப் பெருக்கிக்கொள்ளவும், நெருக்கடி தீர்ந்த பின்னும் அதனை விடாமல் பற்றிக்கொள்ளவும் மனம் ஓயாது தூண்டுகிறது. பற்றே துன்பத்தின் வேர் என்று பகவான் புத்தர் அருளியது செல்வத்திற்கும் உறவுக்கும் மட்டும் ஆன போதனையன்று. பதவிக்கும் அது பொருந்தும். யார் தந்த அதிகாரம் இது, யாருக்காக, எந்நாள் வரையில் என்று நாள்தோறும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் ஒருவரே அதனைத் தூய்மையாக ஏந்த வல்லவர். தியேட்டர் ரோடின் அந்தச் சிறு அறையில், இரவில் துவைத்த சட்டை உலரக் காத்திருந்த பிரதம மந்திரி அத்தகையவர். அவர் நினைவு வாழ்க!